நாலாவது ஸ்டேஜுக்கும் ஒரு நாள்!

அக்டோபர் வந்தால் போதும், எங்கள் ஆபீஸில் ஆளுக்கொரு பிங்க் ரிப்பன்! 'மார்பகப் புற்றுநோயை சீக்கிரம் கண்டுபிடித்தால் குணமாக்கலாம்' என்று பேனர் வேறு. வாஸ்தவம்தான். ஆனால், சீக்கிரம் கண்டுபிடித்தும் சிலருக்குப் பல வருஷம் கழித்து எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை என்று பரவிவிடுகிறதே... அவர்களைப் பற்றி பேனரில் ஒரு வரி கிடையாது.

எலும்புக்குப் போனாலும் அது எலும்புப் புற்றுநோய் அல்ல, மார்பகப் புற்றுநோய்தான். வைத்தியமும் அதற்குத்தான். முழுசாகக் குணமாவது அபூர்வம். அதற்காக, 'அவ்வளவுதான்' என்று கையை விரித்துவிடக் கூடாது. ஹார்மோன் மாத்திரை, 1998-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிராஸ்டுசுமாப் ஊசி என்று, நோயின் வகையைப் பொறுத்து மருந்துகள் உண்டு. அவற்றோடு பல வருஷம் வாழ்கிறவர்களும் உண்டு. சிகிச்சைக்குத்தான் கடைசி நாள் கிடையாது.

எங்கள் அக்கவுண்ட்ஸ் மேடத்திடம் ஒரு புதுப் பையன், "ட்ரீட்மென்ட் எப்போ மேடம் முடியும்?" என்றான். "நான் முடியறப்போ, தம்பி!" என்று சிரித்தார். பையன் அன்றைக்கு டீ குடிக்கவே வரவில்லை!

இவர்களுக்காகவே 2009-ல் அமெரிக்க செனட் அக்டோபர் 13-ஐ விழிப்பு உணர்வு நாளாக அறிவித்தது.

'லேடீஸ் சமாச்சாரம், நமக்கென்ன?' என்கிறீர்களா? இந்த நோய் வருகிற நூறு பேரில் சுமார் ஒருவர் ஆண், பிரதர்!

'எப்போ முடியும்?' என்று கேட்காதீர்கள். "அடுத்த ஸ்கேன் என்னிக்கு? நான் கூட வரட்டுமா?" என்று கேளுங்கள். கேட்டால் மட்டும் போதாது... லீவு போட்டுவிட்டுப் போங்கள்!