பாத்தியின்றி உப்பு விளையுமா?

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பது பழமொழி. மரக்காணத்து உப்பளங்களைப் பார்த்து வளரும் எங்களுக்கு அதன் பொருளை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கடலில் உப்பு இருந்தாலும், நீரைத் தேக்கிப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் காயவிட்டால்தான் அது கைக்கு வரும். கணிப்பொறிப் பதிவேட்டிற்கும் அவ்வாறே ஒரு களம் வேண்டும் என்பதை எங்கள் பள்ளி அலுவலகத்திலேயே கற்றுக்கொண்டோம்.

மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இராது. அம்மாதங்களில் உப்பளத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளிடம் கட்டணத்தைத் தவணையாகப் பெறுவதற்காக, அலுவலகச் சகோதரி கணிப்பொறியில் ஒரு பதிவேடு வைத்திருந்தார். பொத்தானை அழுத்தினால் போதும். யாருக்கு எவ்வளவு தவணை என்ற பட்டியல் வந்துவிடும். பழைய கணிப்பொறி பழுதானதும், பதிவேட்டுக் கோப்பைப் புதியதில் ஏற்றினோம். கோப்பு இருந்தது, ஆனால் திறக்கவில்லை! பட்டியலைக் கையால் எழுதியதில் இரு பெயர்கள் விடுபட்டன. அவ்விரு மாணவியர் வீட்டிற்கும் முழுக் கட்டணம் கேட்டுச் சீட்டுப் போய்விட்டது. அப்பெற்றோர் பட்ட வேதனையே எங்களை இதன் காரணத்தைத் தேடவைத்தது.

அப்பதிவேடு மைக்ரோசாப்ட் அக்சஸ் என்னும் மென்பொருளில் செய்யப்பட்டது. 1992-இல் முதன்முதலாக வெளிவந்த இம்மென்பொருள், தகவல்களை அட்டவணைகளாக வைப்பதோடு, அவற்றைக் கையாளும் நிரல்களையும் அதே கோப்பிற்குள் வைத்துக்கொள்கிறது. அந்நிரல்களை எழுதும் மொழி வி.பி.ஏ. எனப்படும். இத்தகைய கோப்பு இயங்க நான்கு தேவைகள் உண்டு.

முதலாவது, விண்டோஸ் கணிப்பொறியில் அக்சஸ் இருக்க வேண்டும். வேர்டும் எக்செலும் உள்ள இடத்திலெல்லாம் அக்சஸ் இருக்கும் என்று எண்ணலாகாது. அக்சஸ் இல்லையெனில், இலவசமாகக் கிடைக்கும் 'ரன்டைம்' பதிப்பு போதும். அதில் தகவல்களைப் பதியலாம், பார்க்கலாம். ஆனால் நிரலைத் திருத்த இயலாது.

இரண்டாவது, அக்சஸில் 32 பிட், 64 பிட் என இரு வகை உண்டு. ஒன்றிற்காக எழுதிய சில நிரல்கள் மற்றொன்றில் திருத்தமின்றி ஓடா.

மூன்றாவது, நம்பிக்கை. அயலார் கோப்பில் தீய நிரல் மறைந்திருக்கக்கூடும் என்பதால், அக்சஸ் நிரல்களைத் தடுத்து நிறுத்தும். நமது கோப்புதான் என்று உறுதியாகத் தெரிந்தால், 'நம்பிக்கைக்குரிய இடம்' என்று குறித்த கோப்புறையில் அதை வைக்க வேண்டும்.

நான்காவது, நிரல் துணைக்கு அழைக்கும் பிற மென்பொருள்கள். பட்டியலை எக்செலுக்கு அனுப்பும் நிரலுக்கு எக்செலும் வேண்டுமன்றோ?

எங்கள் புதிய கணிப்பொறியில் அக்சஸே இல்லை. பழைய கணிப்பொறியில் இருந்தது போன்றே 32 பிட் ரன்டைமை நிறுவினோம். பதிவேடு திறந்தது, ஆனால் பொத்தான் வேலை செய்யவில்லை. கோப்புறையை நம்பிக்கைக்குரிய இடமாகக் குறித்த பின்னரே பட்டியல் வந்தது. விடுபட்ட இரு பெயர்களும் அதில் இருந்தன. சகோதரி அன்று மாலையே அவ்விரு வீடுகளுக்கும் நேரில் சென்று வருத்தம் தெரிவித்தார்.

இத்தொல்லை எங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1985-இல் யுனெஸ்கோ நிறுவனம் சிறு கணிப்பொறிகளுக்காக சி.டி.எஸ்./ஐசிஸ் என்னும் நூலகப் பதிவேட்டு மென்பொருளை வெளியிட்டது. இந்தியாவில் நிசாட் என்னும் மத்திய அரசின் அமைப்பு அதை நூலகங்களுக்கு வழங்கியது. அதன் பிற்காலப் பதிப்பில் பாஸ்கல் மொழியில் நிரல் எழுதும் வசதியும் இருந்தது. டாஸ் காலத்து அம்மென்பொருள் இன்றைய 64 பிட் விண்டோஸில் நேராக இயங்காது. ஆனால் நூற்பட்டியல்கள் அழிந்துபோகவில்லை. ஐ.எஸ்.ஓ. 2709 என்னும் பொது வடிவில் அவற்றை வெளியே எடுத்துப் பிற மென்பொருள்களுக்கு மாற்ற வழி இருந்தது. நிரல் முதுமை அடைந்தாலும் தகவல் தப்பியது!

ஆகவே எங்கள் அலுவலகத்தில் இப்போது இரு பழக்கங்கள் வந்துள்ளன. எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எத்தனை பிட் என்பதை ஒரு தாளில் எழுதிப் பதிவேட்டு அலமாரியில் ஒட்டியிருக்கிறோம். மாதந்தோறும் அட்டவணைகளை எளிய எழுத்துக் கோப்பாகவும் எடுத்து வைக்கிறோம். அதைத் திறக்க எந்தக் கணிப்பொறியும் போதும்.

மழைக்கு முன் உப்பைக் குவித்து ஓலையால் மூடுவார்கள் எங்கள் பெரியோர். பதிவேட்டையும் அவ்வாறே மழைக்கு முன் காப்போம். அதிலுள்ள ஒவ்வொரு பெயரும் ஒரு வீட்டின் நம்பிக்கை அன்றோ!