பழைய ‘ஹச்சி ரோக்கு’ கார்: பளபளப்பை நம்பி வாங்கலாமா?

நாற்பது வயதைத் தொட்ட ஒரு ஜப்பானியக் கார், புது வண்டியைப் போல மின்னிக் கொண்டு விற்பனைக்கு வருகிறது. விலையோ அதைவிடப் பெரிய புதுக் கார் ஒன்றையே வாங்கிவிடும் அளவுக்கு இருக்கிறது. பல ஆண்டுச் சேமிப்பை அதில் போடத் துடிக்கிறார் வீட்டு இளைஞர். “பழைய இரும்புக்கு இவ்வளவு பணமா?” என்று கேட்கிறார் தந்தை. இருவர் பக்கமும் நியாயம் உண்டு. அந்தக் காரின் உண்மையான மதிப்பு எதில் இருக்கிறது என்பது தெரிந்துவிட்டால் இந்த வாக்குவாதம் பாதி குறைந்துவிடும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, நம் இளைஞர்களுக்கு நன்கு பழக்கமான டொயோட்டா ஏ.இ.86 கார். கொரோலா லெவின், ஸ்ப்ரிண்டர் ட்ரூவெனோ என்ற இரு பெயர்களில் 1983ஆம் ஆண்டு மே மாதம் ஜப்பானில் அது அறிமுகமானது. லெவினின் முன்விளக்குகள் நிலையானவை; ட்ரூவெனோவின் விளக்குகள் கண் இமை போல மேலெழுந்து மூடிக் கொள்ளும். மற்றபடி இரண்டும் உடன்பிறப்புகள்தாம். ஜப்பானிய மொழியில் எட்டு, ஆறு ஆகிய எண்களைச் சேர்த்துச் சொல்வதே ‘ஹச்சி ரோக்கு’ என்ற செல்லப் பெயர்.

சிறிய காருக்கு ஏன் இத்தனை பெயர்?

வேகத்தை மட்டும் பார்த்தால் இது பெரிய சூரன் அல்ல. இதிலுள்ள 4ஏ-ஜி.இ. இயந்திரத்தின் கொள்ளளவு 1,587 சி.சி.; 16 வால்வுகள். ஜப்பானியச் சந்தையில் நிறுவனம் குறிப்பிட்ட ஆற்றல் 130 குதிரை சக்தி. அதே காலத்தில் இதைவிட ஆற்றல் மிக்க கார்கள் பல இருந்தன. ஆனால் இதன் எடை 1,000 கிலோவுக்கும் குறைவு. அதோடு பின்சக்கரங்களே காரைத் தள்ளிச் செல்லும்.

இந்தப் பின்சக்கர இயக்கமே முக்கியமான செய்தி. முன்சக்கர இயக்கக் காரில் இழுப்பது, திருப்புவது ஆகிய இரு வேலைகளையும் முன்சக்கரங்களே செய்தாக வேண்டும். பின்சக்கர இயக்கத்தில் வேலை பிரிக்கப்படுகிறது. முன்சக்கரம் திரும்புகிறது, பின்சக்கரம் தள்ளுகிறது. வளைவில் வால் பகுதி எப்போது நழுவும், அதை எப்படி மீட்பது என்பதை ஓட்டுநர் கைகளால் உணர முடியும். இந்த நழுவலையே ஒரு கலையாக்கியதுதான் டிரிஃப்ட். ‘டிரிஃப்ட் மன்னர்’ என்று போற்றப்படும் கெய்ச்சி சுச்சியா இந்தக் காரில் ஓட்டிப் பெயர் பெற்றவர். பிரிட்டிஷ் கார்ப் பந்தயத் தொடரிலும் 1986, 1987 ஆகிய இரு ஆண்டுகளிலும் கிறிஸ் ஹாட்ஜெட்ஸ் இதே வகைக் காரில்தான் வெற்றியாளர் பட்டம் வென்றார்.

அதே தலைமுறையின் சாதாரணக் கொரோலா குடும்பக் கார்கள் அப்போதே முன்சக்கர இயக்கத்துக்கு மாறிவிட்டிருந்தன. 1987இல் வந்த அடுத்த லெவின், ட்ரூவெனோ கார்களும் அந்த வழியிலேயே சென்றன. ஆக, நான்கே ஆண்டுகள் தயாரிக்கப்பட்ட இந்தக் கார், ஒரு கால கட்டத்தின் கடைசிப் பிள்ளையாக நின்றுவிட்டது.

நல்ல கார்கள் எங்கே போயின?

1990களின் தொடக்கத்தில் ஜப்பானில் இது மலிவான பழைய கார். கையில் கொஞ்சம் காசு வைத்திருந்த இளைஞர்கள் வாங்கி மலைச்சாலைகளில் பழகினார்கள், மோதினார்கள், ஒன்றின் பாகத்தைக் கழற்றி மற்றொன்றில் பொருத்தினார்கள். 1995இல் ஷுய்ச்சி ஷிகெனோவின் ‘இனிஷியல் டி’ படக்கதை தொடராக வரத் தொடங்கியது. தோஃபு விநியோகிக்கும் இளைஞன் ஓட்டும் கறுப்பு வெள்ளை ட்ரூவெனோ உலகப் புகழ் பெற்றது. 2005இல் ஜே சோ நடித்த திரைப்படம் அந்த ஆசையைத் தென்கிழக்காசியா எங்கும் பரப்பியது. ஆசை வளர்ந்தபோது, உருப்படியான கார்களின் எண்ணிக்கையோ சுருங்கிக் கொண்டிருந்தது.

ஜப்பானில் பழைய காரை வைத்திருப்பதும் எளிதல்ல. புதிய கார் மூன்றாம் ஆண்டிலும், பிறகு ஈராண்டுக்கு ஒரு முறையும் ‘ஷாக்கென்’ எனும் கட்டாயச் சோதனைக்குப் போக வேண்டும். 13 ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் கார்களுக்கு வரியும் கூடுகிறது. அதனால் பழைய கார்கள் கப்பலேறுகின்றன. சில முழுதாக வரும். மற்றவை நம் பட்டறைக்காரர்கள் நன்கறிந்த ‘ஹாஃப் கட்’டாக, அதாவது பாதியாக வெட்டப்பட்டு, இயந்திரத்துக்காக மட்டும் வரும். மலேசியாவில் பழைய கே.இ.70 கொரோலாக்கள் பலவற்றில் 4ஏ-ஜி.இ. இயந்திரம் துடிப்பது இப்படித்தான். சிங்கப்பூரில் நிலைமை வேறு. 1990இல் அறிமுகமான வாகன உரிமைச் சான்றிதழ் 10 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதன் பிறகு பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும், இல்லையேல் காரைக் கைவிட வேண்டும். எண்பதுகளின் கார் அங்கே தப்பிப் பிழைப்பது அரிது என்பதில் வியப்பில்லை.

முகம் பொய் சொல்லும்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்கள். பழைய கார் விஷயத்தில் இது பொருந்தாது. புதுச் சாயம் பூசத் தெரிந்தவருக்குத் துருவை மறைக்கவும் தெரியும். எனவே சாயத்தைப் பார்க்கும் முன் மூன்றைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, அடையாளம். இதே உடலமைப்பில் ஏ.இ.85 என்ற தம்பியும் உண்டு. அதன் இயந்திரம் 1,500 சி.சி. வகை, ஆற்றல் வெகு குறைவு. அதில் வேறு இயந்திரத்தைப் பொருத்தி, அண்ணன் பெயரில் விற்பது கடினமான காரியமல்ல. உடலில் பொறித்த எண் ஏ.இ.86 என்று தொடங்குகிறதா, அது ஏற்றுமதிச் சான்றிதழில் உள்ள எண்ணோடு ஒத்துப் போகிறதா என்று சரிபார்க்க வேண்டும். ஜப்பானியப் பத்திரங்களில் ஆண்டு ‘ஷோவா’ கணக்கில் இருக்கலாம். அதோடு 1925ஐக் கூட்டினால் நம் கணக்கு வரும். ஷோவா 58 என்றால் 1983.

இரண்டாவது, ஏலத் தாள். ஜப்பானிய ஏலக் கூடங்கள் ஒவ்வொரு காரையும் சோதித்துப் புள்ளி கொடுக்கின்றன. புள்ளிக்குப் பதிலாக ‘ஆர்’ என்ற எழுத்து இருந்தால், பொதுவாக அந்தக் கார் விபத்துக்குப் பின் பழுது பார்க்கப்பட்டது என்று பொருள். தாளிலுள்ள கார்ப் படத்தில் ‘ஏ’ கீறலையும், ‘யு’ நெளிவையும், ‘டபிள்யு’ பழுது பார்த்த தடத்தையும், ‘எஸ்’ துருவையும், ‘சி’ அரிப்பையும் குறிக்கும். பரிசோதகர் கைப்பட எழுதிய குறிப்புகளும் இருக்கும். அவற்றை விற்பவரிடம் கேட்பதைவிட, ஜப்பானிய மொழி தெரிந்த வேறொருவரிடம் படித்துக் காட்டச் சொல்வதே விவேகம்.

மூன்றாவது, அடிப்பகுதி. பனி பெய்யும் வட ஜப்பானில் சாலையில் தூவும் உப்பு, காரின் அடித்தகட்டைத் தின்றுவிடும். இந்தக் காரில் பின்சக்கர வளைவு, கதவுக்குக் கீழுள்ள ஓரத் தகடு, தரைத்தகடு ஆகிய இடங்களில் துரு முதலில் குடியேறும். காரைத் தூக்கி நிறுத்தி, விளக்கடித்து, கம்பளத்தையும் விலக்கிப் பார்க்க வேண்டும். பார்க்க விடமாட்டேன் என்று சொல்பவரிடம் வாங்கத் தேவையில்லை.

இயந்திரத்தை ஏன் கடைசியில் வைக்க வேண்டும்? அது கெட்டால் சரி செய்யலாம். 4ஏ-ஜி.இ. இயந்திரம் டொயோட்டாவின் வேறு பல கார்களிலும் வந்ததால், உதிரிப் பாகமும் கைதேர்ந்த மெக்கானிக்கும் கிடைப்பார்கள். ஆனால் வெடிக்காத டாஷ்போர்ட், கிழியாத அசல் இருக்கைத் துணி, வெட்டப்படாத சக்கர வளைவு ஆகியவை ஒரு முறை போனால் போனதுதான். நன்கு பாதுகாக்கப்பட்ட காருக்குக் கூடுதல் விலை கொடுப்பது இவற்றுக்காகத்தான்.

வாங்கிய பிறகு

பூட்டி வைத்தால் கார் அப்படியே இருக்கும் என்று நினைப்பது தவறு. பெட்ரோல் கெடும், ரப்பர் வளையங்கள் காயும், பிரேக்கில் துரு பிடிக்கும். அடிக்கடி எடுத்து இயந்திரம் நன்கு சூடேறும் வரை ஓட்ட வேண்டும். மழையில் நனைந்தால் அடிப்பகுதி காய வேண்டும். எதையேனும் மாற்றினாலும் கழற்றிய அசல் பாகத்தைத் தூக்கி எறியாமல் பத்திரப்படுத்த வேண்டும்.

தயாரித்த நிறுவனமும் இந்தக் காரை மறந்துவிடவில்லை. சில பாகங்களை மீண்டும் தயாரிக்கப் போவதாக டொயோட்டா 2021இல் அறிவித்தது. 2023 ஜனவரியில் தோக்கியோ கண்காட்சியில், ஹைட்ரஜனில் ஓடும் ஒரு ட்ரூவெனோவையும் மின்கலத்தில் ஓடும் ஒரு லெவினையும் காட்சிக்கு வைத்தது. மக்கள் நேசிக்கும் பழைய கார்கள் தூய்மையான எரிசக்தி காலத்திலும் ஓட வழி உண்டா என்ற தேடல் அது.

ஆகவே தந்தை கேட்ட கேள்விக்குப் பதில் உண்டு. அசல் உடலும் ஒத்துப் போகும் எண்ணும் நேர்மையான தாளும் இருந்தால், அது பழைய இரும்பு அல்ல. அம்மூன்றில் ஒன்று குறைந்தாலும், எவ்வளவு மின்னினாலும், அவர் பயந்தது சரிதான். பணம் கைமாறுவதற்கு முன் மகனும் தந்தையும் சேர்ந்தே காரின் அடியில் குனிந்து பார்ப்பது நல்லது.