கணக்குக் கேட்பது பாவமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

என் தாய் பீடி சுற்றுபவள். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கணக்குத் தெரியும். கடையில் கட்டுகளைப் பிரித்துப் பார்த்து "இவ்வளவு கழிவு" என்று ஒதுக்கினால், "எங்கே, எண்ணிக் காட்டுங்க அண்ணாச்சி" என்று நின்று கேட்பாள். எங்கள் ஊர்க் கோயிலிலும் அப்படித்தான். திருவிழா முடிந்த மறுவாரம் தலைக்கட்டு வரியின் வரவு செலவு பூசைக்குப் பின் வாசிக்கப்படும். பந்தலுக்கு இவ்வளவு, கொட்டுக்கு இவ்வளவு, சப்பரத்துப் பூவுக்கு இவ்வளவு என்று சொல்லியாக வேண்டும். பத்து ரூபாய் குறைந்தாலும் பெரியவர்கள் விடமாட்டார்கள். இப்படிக் கணக்கில் கண்ணாயிருக்கும் எங்கள் கத்தோலிக்க மக்கள் ஒரே ஒரு கணக்கை மட்டும் கேட்பதில்லை. அதைப் பற்றியதே இக்கட்டுரை.

நான் எட்டாம் வகுப்பில் படித்தபோது, நான் அறிந்த ஒரு பங்கில் (பெயர் இங்கே வேண்டாம்) பங்குச் சாமியார் ஒரே இரவில் மாற்றலாகிப் போனார். பிரிவுபசாரம் இல்லை, மாலை இல்லை. மறைக்கல்வி வகுப்புக்கு வந்துகொண்டிருந்த ஒரு பெண்பிள்ளையும் அதன்பின் வரவில்லை. ஏன் என்று கேட்டேன். "சாமியாரைப் பேசினா குடும்பம் விளங்காது. வாய மூடு" என்றாள் ஆச்சி. யாரும் விசாரிக்கவில்லை, யாரும் விளக்கவில்லை. குற்றம் நடந்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு நீதி கிடைக்கவில்லை. நடக்காதிருந்தால் அந்தக் குருவானவர் வீண்பழியைச் சுமந்து போயிருக்கிறார். இரண்டில் எதுவானாலும் மௌனத்தால் நன்மை அடைந்தவர் எவருமில்லை.

நமது ஆய்வுக்கூடத்தில் உப்புப் பகுப்பாய்வு செய்யும்போது சோதனை, காண்பன, அறிவன என்று மூன்று பத்திகள் எழுதுகிறோம். முதல் இரண்டையும் வெற்றாக விட்டு மூன்றாவதை மட்டும் நிரப்பிக் கொண்டுபோனால் பேராசிரியர் கையெழுத்திடுவாரா? "மாற்றம்" என்ற ஒற்றைச் சொல்லும் அப்படிச் சோதனையின்றி எழுதிய முடிவே.

இது ஒரு பங்கின் கதை மட்டுமன்று. நம் மாநிலத்து உதகை மறைமாவட்டத்தைச் சேர்ந்த ஜோசப் பழனிவேல் ஜெயபால் என்ற குரு, 2004-ல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக்குப் பணியாற்றச் சென்று, 2005-ல் திரும்பினார். அங்கே அவர்மீது சிறுமியரிடம் தகாத முறையில் நடந்ததாகக் குற்றச்சாட்டுகள் பதிவாயின. 2010-ல் அச்செய்தி உலகறிய வெளியானபோது, அவர் ஆயர் அலுவலகத்தில் மறைமாவட்டப் பள்ளிகளின் ஆசிரியர் நியமன வேலையைக் கவனித்துக்கொண்டிருந்தார்! 2012-ல் கைதாகி, பின் அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டு, 2015-ல் ஒரு சிறுமிக்கு இழைத்த குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றார். 2016-ல் உதகை ஆயர் அருளப்பன் அமல்ராஜ், வத்திக்கானைக் கலந்தபின், அவர்மீதிருந்த பணிவிலக்கத்தை நீக்கினார். எதிர்ப்புக் குரல் அமெரிக்காவிலிருந்து உரக்க எழுந்தது. எங்கள் கோயில் முற்றத்தில் இதைப் பற்றி ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. கல்லூரிக்கு வந்தபின் படித்துத்தான் அறிந்தேன்.

கேட்டால் என்ன நடந்துவிடும் என்று சிலர் வினவலாம். கேட்டவர்கள் இருக்கிறார்கள். நம் மலைக்கு அப்பால் கேரளத்தில், ஜலந்தர் ஆயராயிருந்த பிராங்கோ முளக்கல் தம்மை வன்கொடுமை செய்ததாக ஒரு கன்னியாஸ்திரீ திருச்சபைத் தலைவர்களுக்கு முறையிட்டுப் பார்த்தார். பயனின்றி 2018 ஜூனில் காவல்துறையை நாடினார். அவ்வாண்டு செப்டம்பரில் அவருடைய சகோதரிகள் ஐவர் கொச்சியில் வீதியோரம் அமர்ந்து போராடினர். பொதுநிலையினர் பலரும் உடன் அமர்ந்தனர். ஆயர் கைது செய்யப்பட்டார். குற்றத்தை அவர் மறுத்தார். 2022 ஜனவரியில் கோட்டயம் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அந்தத் தீர்ப்பையும் நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆயினும் ஒரு முறையீடு நீதிமன்றத்தின் வாசலை அடைய வீதியில் அமர வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

தென் அமெரிக்காவில் சிலி நாட்டின் ஒசோர்னோ நகர மக்கள் இன்னும் ஒருபடி மேலே சென்றனர். வேறொரு குருவின் கொடுமைகளை அறிந்தும் மறைத்தார் என்று குற்றஞ்சாட்டப்பட்ட ஜுவான் பாரோஸ் 2015-ல் அவர்களுக்கு ஆயரானார். அவர் அதை மறுத்தார். பதவியேற்பு நாளன்றே மக்கள் கறுப்புடை அணிந்து பேராலயத்துக்குள் எதிர்த்தனர், மூன்றாண்டு ஓயவில்லை. 2018 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் அதை அவதூறு என்றார். பின்னர் விசாரணைக்கு ஆளனுப்பினார். ஏப்ரலில் தாம் தவறு செய்ததை ஒப்பி மன்னிப்புக் கேட்டார். மே மாதம் சிலி ஆயர்கள் அனைவரும் பதவி விலக முன்வந்தனர். ஜூனில் பாரோஸின் விலகல் ஏற்கப்பட்டது. சாதாரண மக்கள் கேட்ட கேள்விக்கு உரோமாபுரியே பதில் சொன்னது.

கேட்பது குருநிந்தை ஆகாதா? ஆகாது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 212-ஆம் விதி, திருச்சபையின் நலன் பற்றிய தம் கருத்தை மேய்ப்பர்களுக்குத் தெரிவிப்பது இறைமக்களின் உரிமை, சில வேளைகளில் கடமையும்கூட என்கிறது. 2019-ல் திருத்தந்தை பிறப்பித்து, 2023-ல் நிலையாக்கிய ஆணையின்படி, ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் முறையீடு பெற வழிமுறை இருக்க வேண்டும். குற்றத்தை மறைத்த ஆயர்மீதும் முறையிடலாம். நம் பாளையங்கோட்டை, தூத்துக்குடி மறைமாவட்டங்கள் மதுரைத் தலைமை மறைமாவட்டத்தின் கீழ் வருவதால், இங்கே அம்முறையீடு மதுரைப் பேராயருக்குச் செல்லலாம். முறையிட்டவரை வாய்பொத்தி இருக்கச் சொல்லவும் கூடாது.

இதற்கெல்லாம் மேலாக நாட்டின் சட்டம் இருக்கிறது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குட்பட்டவருக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறை. தம் கீழுள்ளவரின் குற்றத்தைத் தெரிவிக்கத் தவறிய நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை. காவி, வெள்ளை என்று அங்கி பார்த்து அச்சட்டம் விலக்களிக்கவில்லை.

நம் மண்ணின் கத்தோலிக்கர் குருக்களை எதிர்த்து நீதிமன்றம் ஏறாதவர்களா? வடக்கன்குளம் கோயிலில் சாதிகளைப் பிரித்து நின்ற சுவரை 1910-ல் குருக்கள் இடித்தபோது, தங்கள் தனியிடம் போயிற்றென்று உயர்சாதியார் வழக்காடினர். சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று தோற்றனர். வழக்கு நியாயமற்றது, துணிவு உண்மையானது. ஒரு சுவருக்காகக் குருவைக் கேட்கத் துணிந்த மண்ணில், ஒரு குழந்தைக்காக ஆயரைக் கேட்கத் தயங்குவது என்ன நியாயம்?

இவ்வாண்டு என் தங்கை மறைக்கல்வி வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்த படிப்பால் வீட்டுக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு, இந்தச் சட்டங்களை அம்மாவுக்குப் படித்துச் சொன்னதை முதற் பயனாகச் சொல்வேன். இலை வெட்டியபடியே கேட்டிருந்தவள், "அப்ப இதையும் எண்ணிக் கேக்கலாமா?" என்றாள்.

கேட்கலாம். அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில், பந்தல் கணக்கு வாசித்து முடித்தவுடன், ஒருவர் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "நம்ம பிள்ளைக்கு ஒண்ணு நடந்தா, மறைமாவட்டத்துல யார்கிட்ட எழுதிக் கொடுக்கணும்? அவர் பேரைக் கோயில் பலகையில எழுதிப் போடுவீங்களா?"

நேர்மையான ஆயருக்கு அக்கேள்வி சுமையாக இராது. நல்ல குருக்களுக்கு அதுவே அரண்.