ஓட்டம் உருவாகும் முன்பே உடைத்தல்: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் பிளிட்ஸ்

அமெரிக்கக் கால்பந்து, பெயரில் கால் இருப்பினும், பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடப்படும் ஆட்டமாகும். அது தொழில்முறைக் கழகங்களில் தோன்றியதன்று, கல்லூரி வளாகங்களில் தோன்றி வளர்ந்ததாகும். 1869 நவம்பர் 6 அன்று நியூ ஜெர்சி மாநிலத்தின் நியூ பிரன்ஸ்விக் நகரில் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் மாணவர்கள் ஆடிய ஆட்டமே அதன் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. அன்று அது தள்ளுமுள்ளு மிகுந்த உதைபந்தாகவே இருந்தது. 1880இல் யேல் கல்லூரியைச் சேர்ந்த வால்டர் கேம்ப் முன்மொழிந்த விதிதான், இரு அணிகளையும் பந்தின் இருபுறமும் எதிரெதிரே வரிசையாக நிறுத்தி, பந்தை ஒரே அணியின் உரிமையாக்கி, அந்த அணி தொடங்கும்போதே ஆட்டம் தொடங்க வேண்டும் என்ற ஒழுங்கைக் கொண்டுவந்தது. பந்து கிடக்கும் அந்த மோதல் கோட்டை மையமாக வைத்தே அதன் பிறகான தந்திரங்கள் யாவும் பிறந்தன. தடுக்கும் அணியின் ஆயுதங்களில் துணிச்சல் மிகுந்ததெனப் பெயர்பெற்ற பிளிட்ஸும் அவற்றுள் ஒன்று.

பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள் வழங்கப்படுகின்றன. ஒவ்வொன்றும் ‘டவுன்’ எனப்படும். அந்த நான்குக்குள் 10 யார்டு, அதாவது 30 அடி, முன்னேறிவிட்டால் மீண்டும் நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். இந்தக் கணக்கை ஊன்றிப் பார்த்தால், ஓடும் ஆட்டத்தை ஏன் அலட்சியப்படுத்த முடியாது என்பது விளங்கும். ஒவ்வொரு முறையும் நான்கு யார்டு மட்டுமே ஓடும் அணி, எறிதலின் அபாயம் எதையும் ஏற்காமலேயே, மூன்று வாய்ப்புகளில் இலக்கைக் கடந்துவிடும்; கடிகாரமும் அதன் கையிலேயே இருக்கும். ஆனால் முதல் ஓட்டத்திலேயே ஓடுபவர் கோட்டுக்குப் பின்னால் இரண்டு யார்டில் வீழ்த்தப்பட்டால், மீதமுள்ள மூன்று வாய்ப்புகளில் 12 யார்டு தேவைப்படும். அப்போது பந்தை எறிந்தாக வேண்டிய நெருக்கடி உண்டாவதால், அந்த அணியின் ஆட்டப் புத்தகத்தில் பெரும்பகுதி பயனற்றதாகிவிடுகிறது. ஓட்டத்தை எதிர்த்து பிளிட்ஸை ஏவும் பயிற்சியாளர் தேடுவது இந்த விளைவையே.

பந்தை வைத்திருக்கும் அணியின் முன்வரிசையில் நடுவே சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டு, அவர்களுக்கு அப்பால் டேக்கிள் என ஐவர் நிற்பர். பெரும்பாலும் ஒரு பக்கத்தில் டைட் எண்ட் எனப்படும் ஆறாமவரும் சேர்ந்துகொள்வார். இவர்களுக்கு இடையிலும் வெளியிலும் உள்ள சந்துகளுக்கு எழுத்துகளால் பெயரிட்டு வழங்குவது பயிற்சியாளர்களின் மரபு. சென்டருக்கும் கார்டுக்கும் நடுவே இருப்பது ஏ சந்து, கார்டுக்கும் டேக்கிளுக்கும் நடுவே இருப்பது பி சந்து, டேக்கிளுக்கு வெளியே சி, டைட் எண்டுக்கு வெளியே டி. அறுவர் வரிசைக்கு ஏழு சந்துகள் உண்டு. எதிரே நால்வர் முன்வரிசைத் தடுப்பாளர்களாகவும், அவர்களுக்கு நான்கைந்து யார்டு பின்னால் மூவர் லைன்பேக்கர்களாகவும் நின்றால், எழுவரும் ஆளுக்கொரு சந்தைக் காக்கலாம். கணக்கு சரியாக இருப்பதாகத் தோன்றினாலும், ஒரு கார்டு தம் இடத்தை விட்டு மறுபக்கம் ஓடி அங்கே மறிக்கத் தொடங்கிய கணமே அங்கு ஒரு புதிய சந்து முளைத்துவிடுவதால், ஆட்டம் தொடங்கிய பின் அந்தக் கணக்கு நிலைப்பதில்லை.

லைன்பேக்கரோ, அவருக்கும் பின்னால் நிற்கும் சேஃப்டி, கார்னர்பேக் போன்றவர்களோ, பந்து எங்கே போகிறது என்று பார்த்துக் காத்திராமல், ஆட்டம் தொடங்கும் கணத்திலேயே முன்கூட்டி வகுக்கப்பட்ட சந்தின் வழியே எதிரணியின் பக்கம் பாய்வதே பிளிட்ஸ். பந்தை எறியக் காத்திருக்கும் குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவதற்கான உத்தி என்றே பொதுவாக இது அறியப்பட்டிருக்கிறது. ஓட்டத்தை எதிர்த்து ஏவப்படும்போது இதன் வேலை வேறு. பாய்பவரே ஓடுபவரைப் பிடிக்க வேண்டும் என்ற கட்டாயம் அங்கில்லை. மறிப்பவர்களின் ஏற்பாட்டைக் குலைத்து, ஓடுபவர் தம் முதல் இரண்டு அடிகளுக்குள்ளேயே திசை மாற வேண்டிய நிலையை உண்டாக்கினால் போதும், பின்னால் வரும் தோழர்கள் எஞ்சியதைப் பார்த்துக்கொள்வர்.

மறிக்கும் முறையை அருகிலிருந்து பார்த்தாலன்றி இது முழுமையாகப் புலப்படாது. கல்லூரி ஆட்டத்தில் மிகுதியாகக் கையாளப்படும் ‘இன்சைட் ஸோன்’ என்னும் ஓட்டத்தில், சென்டரும் கார்டும் தோளோடு தோள் சேர்ந்து, எதிரே நிற்கும் ஒரு முன்வரிசைத் தடுப்பாளரை இருவராகத் தள்ளுகின்றனர். அவர் நகரத் தொடங்கியதும், இருவரில் ஒருவர் விலகி மேலே ஏறி, பின்னால் காத்திருக்கும் லைன்பேக்கரை மறிக்கச் செல்கிறார். இந்தக் கூட்டு மறிப்பு வெற்றிபெற ஏறக்குறைய ஒரு நொடியும், லைன்பேக்கர் தம் இடத்தில் தயங்கி நிற்பதும் தேவை. தயங்காமல் அவரே கோட்டை நோக்கிப் பாய்ந்துவிட்டால், இருவர் சேர்ந்து தள்ள நேரமின்றிப் பிரிந்தாக வேண்டியிருக்கிறது. தனித்து விடப்பட்ட தடுப்பாளர் தம் இடத்தை விட்டுக்கொடாமல் நிற்கிறார். பாய்ந்தவரோ, மறிக்க வந்தவரின் கைகள் உயரும் முன்பே அவருடைய தோளைக் கடந்துவிடுகிறார். முன்னூறு பவுண்டு, அதாவது 136 கிலோ, எடையுள்ள மறிப்பாளர் தம் பலத்தை முழுமையாகச் செலுத்த, இலக்கு நேர் எதிரே இருக்க வேண்டும். பக்கவாட்டில் கடந்து செல்பவரிடம் அந்த எடை பயன்படுவதில்லை.

ஏ சந்துகள் இரண்டிலும் இரு லைன்பேக்கர்களைச் சென்டரின் இருபுறமும் நிறுத்தும் அமைப்பு இக்கொள்கையின் கூர்மையான வடிவம். சென்டர் பந்தைத் தம் கால்களுக்கு நடுவே பின்னால் கொடுத்த பிறகே கையை உயர்த்த முடியும் என்பதாலும், அவர் ஒருவரை மட்டுமே மறிக்க முடியும் என்பதாலும், இரு கார்டுகளும் உள்நோக்கி நெருங்கி நிற்கும்படி ஆகிறது. நெருங்கி நிற்கும் கார்டு மறுபக்கம் ஓடி மறிக்க முடிவதில்லை. ஆகவே அந்த இருவரும் பாயாமல் பின்வாங்கினாலும்கூட, எதிரணியின் சிறந்த ஓட்டங்களில் சில ஆட்டம் தொடங்கும் முன்பே கைவிடப்பட்டுவிடுகின்றன. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 2007 முதல் 2014 வரை தடுப்பு ஆட்டத்தை வகுத்த பேட் நார்டூஸி இந்த அமைப்பால் பெயர்பெற்றவர்.

அந்த அணி 2014 ஜனவரி 1 அன்று கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் நூறாவது ரோஸ் போல் ஆட்டத்தில் ஸ்டான்ஃபோர்டை எதிர்கொண்டது. இரண்டு நிமிடங்களுக்கும் குறைவான நேரம் எஞ்சியிருக்க, 24–20 என மிச்சிகன் ஸ்டேட் முன்னிலையில் இருக்கையில், ஸ்டான்ஃபோர்டுக்கு நான்காவது வாய்ப்பில் ஒரே ஒரு யார்டு தேவைப்பட்டது. உடல் பலத்தால் ஓடியே பெயர்பெற்ற ஸ்டான்ஃபோர்டு, பருத்த மறிப்பாளர்களை நெருக்கமாக நிறுத்தி, ஃபுல்பேக் ரையன் ஹியூவிட்டிடம் பந்தைக் கொடுத்தது. எதிரே தடுப்பாளர்களும் கோட்டை ஒட்டியே குவிந்திருந்தனர். கீழே எல்லோரும் ஒருவர்மேல் ஒருவராகச் சரிந்த அதே கணத்தில், லைன்பேக்கர் கைலர் எல்ஸ்வொர்த் அந்தக் குவியலுக்கு மேலாகத் தாவி ஹியூவிட்டை எதிர்கொள்ள, தோழர்களும் சேர்ந்து அவரைக் கோட்டிலேயே நிறுத்தினர். வழக்கமான லைன்பேக்கர் விலக்கி வைக்கப்பட்டிருந்ததால் அன்று களமிறங்கிய எல்ஸ்வொர்த், ஆட்டத்தின் சிறந்த தடுப்பாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கணத்தைக் கணித்துப் பாய்வது, சந்து மூடியிருந்தால் மேல்வழியைத் தேடுவது என்ற இரண்டும் அந்த ஒரு தாவலில் தெளிவாகத் தெரிந்தன.

கல்லூரி ஆட்டத்துக்கே உரிய சில நிலைமைகள் பிளிட்ஸுக்குத் தனி முக்கியத்துவம் தருகின்றன. முதலாவது, ஆடுகளத்தின் அமைப்பு. 160 அடி அகலமுள்ள களத்தில், ஒவ்வொரு ஆட்டமும் தொடங்க வேண்டிய எல்லையைக் குறிக்கும் இரு கோட்டுக்குறிகள் கல்லூரியில் 40 அடி இடைவெளியில் அமைந்திருக்கின்றன; தொழில்முறை ஆட்டத்தில் அந்த இடைவெளி பதினெட்டரை அடி மட்டுமே. பந்து ஒரு குறியில் வைக்கப்படும்போது ஒரு பக்கம் 60 அடியும் மறுபக்கம் 100 அடியுமாகக் களம் ஒருசார்பாகிறது. குறுகிய பக்கத்திலிருந்து பாயும் கார்னர்பேக்குக்குக் கடக்க வேண்டிய தூரம் குறைவு. அவர் விட்டுச்செல்லும் வெற்றிடமும் சிறியது. எல்லைக்கோடே ஒரு காவலாளியின் வேலையைச் செய்கிறது. அகன்ற பக்கத்திலிருந்து பாய்பவரோ நெடுந்தூரம் வர வேண்டியிருப்பதால், தம் நோக்கத்தை முன்னதாகவே காட்டிக்கொடுக்க நேர்கிறது. எந்தக் குறியில் பந்து இருக்கும்போது எதிரணி எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை ஒளிப்பதிவுகளில் பயிற்சியாளர்கள் இரவு பகலாக ஆராய்வது இதனால்தான்.

இரண்டாவது, அணிகளுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வு. கல்லூரிகள் பள்ளி மாணவர்களைத் தாமே நாடிச் சென்று சேர்த்துக்கொள்வதால், பருமனும் வலிமையும் மிக்க இளைஞர்கள் சில புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களிலேயே குவிகின்றனர். மற்ற அணிகள் அசையாமல் நின்று மோதினால் தள்ளப்படுவது உறுதி. நியூ மெக்ஸிகோ, சான் டியாகோ ஸ்டேட் பல்கலைக்கழகங்களில் ராக்கி லாங் வளர்த்தெடுத்த அமைப்பு இக்குறைக்கு அளிக்கப்பட்ட மிகச் சிறந்த விடை என்றே சொல்ல வேண்டும். முன்வரிசையில் மூவர், அடுத்து மூவர், பின்னால் ஐவர் என நிற்கும் அந்த அமைப்பில், பின்னால் உள்ள எண்மரில் யார் பாய்வார் என்பதை எதிரணி ஊகிக்க முடியாது. முன்வரிசை மூவரும் நேராக மோதாமல் ஒரே பக்கமாகச் சாய்ந்து நுழைய, அவர்கள் விட்டுச்சென்ற சந்தை ஒரு லைன்பேக்கர் வந்து நிரப்புவார். எடையில் குறைந்தவர்கள் வேகத்தால் ஈடுகட்டும் வழி அது.

மூன்றாவது, குவார்ட்டர்பேக்கே ஓடக்கூடியவராக இருப்பது. ‘ஸோன் ரீட்’ எனப்படும் ஆட்டத்தில், ஓரத்தில் நிற்கும் ஒரு தடுப்பாளரை யாரும் மறிப்பதில்லை. அவர் ஓடுபவரை நோக்கி உள்ளே வந்தால் குவார்ட்டர்பேக் பந்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டு வெளியே ஓடுவார். வெளியே நின்றால் பந்தைக் கைமாற்றிவிடுவார். எதைச் செய்தாலும் தவறாகிப்போகும் இந்த நிலைக்குத் தடுப்புப் பக்கம் கண்ட மாற்று, பொறுப்புகளை இடம் மாற்றுவதாகும். ஓரத்தில் நிற்பவர் வேண்டுமென்றே உள்ளே பாய, அதைக் கண்ட குவார்ட்டர்பேக் வெளிப்பக்கம் திறந்துவிட்டதென நம்பிப் பந்துடன் திரும்ப, உள்ளே இருந்த லைன்பேக்கர் அதற்குள் வெளியே வந்து அவரை நேருக்கு நேர் எதிர்கொள்கிறார். படித்துப் பார்த்து முடிவெடுக்கும் எதிராளிக்குத் தவறான பாடத்தைக் காட்டும் இந்த நுட்பத்தில் முரட்டுத்தனத்துக்கு வேலை குறைவு, ஒத்திகைக்கே வேலை அதிகம். அதுவும் வாரத்துக்கு 20 மணி நேரமே பயிற்சி அனுமதிக்கப்படும் மாணவர்களிடையே இது கைகூடுவது வியப்புக்குரியது.

விலை இல்லாமல் இவை எதுவும் கிடைப்பதில்லை. முன்னே பாய்ந்தவர் தம் சந்தைத் தவறவிட்டால், அல்லது ஓடுபவர் முதல் வரிசையைக் கடந்துவிட்டால், இரண்டாம் வரிசை என்ற ஒன்றே அங்கிருக்காது. இரண்டு யார்டில் முடிய வேண்டிய ஓட்டம் அறுபது யார்டாக நீண்டு புள்ளிகளில் முடியும். அதனால்தான் பிளிட்ஸில் பாய்பவரைக் காட்டிலும், பாயாமல் தம் இடத்தைக் காத்து நிற்பவரின் கட்டுப்பாடே அதன் வெற்றியைத் தீர்மானிக்கிறது. புள்ளிவிவரப் பட்டியல்களும் இவ்விஷயத்தில் வாசகரைத் தவறாக வழிநடத்தக்கூடும். எறியக் காத்திருக்கும் குவார்ட்டர்பேக் கோட்டுக்குப் பின்னால் வீழ்த்தப்படும்போது இழக்கும் யார்டுகளைக் கல்லூரிக் கணக்கு ஓட்டத்தின் கணக்கிலிருந்தே கழிக்கிறது. தொழில்முறைக் கணக்கு அவ்வாறு செய்வதில்லை. ஆகவே எறிதலை எதிர்த்து அடிக்கடி பாயும் கல்லூரி அணி, ஓட்டத்தைத் தடுப்பதிலும் உண்மையைவிடச் சிறந்ததாகக் காட்சியளிக்கும்.

அண்மைக் காலத்தில் பிளிட்ஸுக்குக் கடுமையான சவாலாக எழுந்திருப்பது, ஓட்டம், எறிதல் இரண்டையும் ஒரே ஆட்டத்தில் கட்டிவைக்கும் முறை. முன்வரிசையினர் ஓட்டத்துக்கே மறிக்க, குவார்ட்டர்பேக் ஒரு லைன்பேக்கரை மட்டும் கவனித்து, அவர் முன்னே பாய்ந்தால் அவர் விட்டுச்சென்ற இடத்துக்கே பந்தை எறிந்துவிடுகிறார். இம்முறை கல்லூரியில் செழிப்பதற்கு விதியே துணைநிற்கிறது: முன்னோக்கி எறியும் ஆட்டத்தில் முன்வரிசை மறிப்பாளர்கள் கோட்டைக் கடந்து தொழில்முறை ஆட்டத்தில் ஒரு யார்டு வரை மட்டுமே செல்லலாம் என்றிருக்க, கல்லூரியில் மூன்று யார்டு வரை செல்லலாம். மூன்று யார்டு முன்னேறிவிட்ட மறிப்பாளரைக் கண்டு இது ஓட்டமே என்று லைன்பேக்கர் நம்புவதில் குற்றம் காண முடியாது. அவருடைய கண்ணுக்கு எதிராகவே விதி வேலை செய்கிறது. இதை ஒரு யார்டாகக் குறைக்கும் முன்மொழிவு 2015இல் எழுந்தும் நிறைவேறவில்லை. ஓட்டத்தைச் சரியாக இனங்கண்டு பாயும் தடுப்பாளருக்கு அந்தத் திறனுக்கேற்ற பலன் கிடைக்க வேண்டுமானால், கல்லூரி ஆட்டத்தின் விதிக்குழு அந்த முன்மொழிவை மீண்டும் எடுத்து நிறைவேற்றுவதே முறையாகும்.