தொலைந்த சட்டையும் தொலைந்த பாக்கெட்டும்

மட்டாஞ்சேரியை ஒட்டிய ஃபோர்ட் கொச்சியில் ஒரு தோபி கானா இருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் உடுப்பை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வரப்பட்ட குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே தொழில் செய்கிறார்கள். தொட்டியில் துவைத்து, முறுக்கிய கயிற்றிடுக்கில் துணியைச் செருகி உலர்த்தி, தேய்த்துத் தருகிறார்கள்.

இப்படி ஒரு இடத்தில் சட்டை ஒன்று காணாமல் போனால் எப்படித் தேடுவது? வாங்கிய இடம், தொட்டி, கயிறு, தேய்ப்பு மேசை என்று வரிசையாகப் போகலாம். விவரமானவர் முதலில் கயிற்றைப் பார்ப்பார். சட்டை அங்கே தொங்கினால் வாங்கியதிலும் துவைத்ததிலும் குறையில்லை. பாதி வேலை ஒரே பார்வையில் முடிந்தது.

நெட்வொர்க் கோளாறைத் தேடுவதும் இதே வேலைதான். கணினியிலிருந்து சர்வர் வரை ஆறு கருவிகள் இருந்தால், நடுவில் இருக்கும் ரவுட்டருக்கு ஒரு பிங் கொடுத்துப் பார்க்க வேண்டும். பதில் வந்தால் அதுவரை பாதை சரி. 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் ஒரே நாளில் எழுதிய சின்ன நிரல்தான் பிங். சோனார் ஒலியின் பெயரையே அதற்கு வைத்தார். கடற்படைத் தளம் உள்ள கொச்சியில் இந்தப் பெயருக்கு விளக்கம் தேவையில்லை.

இந்தத் திறமையை மட்டுமே சோதிக்க சிஸ்கோ நிறுவனம் டிஷூட் என்று ஒரு தனித்தேர்வு நடத்தி வந்தது. சிசிஎன்பி சான்றிதழுக்கான மூன்று தேர்வுகளில் அது ஒன்று. எந்த நெட்வொர்க்கில் கோளாறு வைப்பார்களோ, அதன் வரைபடத்தை நிறுவனமே முன்கூட்டி வெளியிட்டுவிடும். எந்தக் கருவியில், எந்தத் தொழில்நுட்பத்தில், என்ன பிழை என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எனக்குத் தெரிந்து இதைவிட நேர்மையான தேர்வு முறை இல்லை. 2020 பிப்ரவரி 24 அன்று அந்தத் தேர்வு ஓய்வு பெற்றது. அதன் சாரம் இப்போது 90 நிமிட 300-410 தேர்வுக்குள் இருக்கிறது. காம்ப்டியாவின் நெட்வொர்க் பிளஸ் தேர்விலும் கோளாறு நீக்கும் பகுதிக்கு 24 சதவீத எடை. அந்தத் தேர்வின் ஐந்து பகுதிகளில் அதுவே பெரியது.

இத்தகைய தேர்வுக்கு எப்படித் தயாராவது? 2018இல் எர்ணாகுளம் சந்திப்பு ரயில் நிலையத்தின் சுமைதூக்கும் தொழிலாளி ஒருவர் நாடு முழுவதும் பேசப்பட்டார். நிலையத்தின் இலவச வைஃபையில் பாடங்களை இறக்கி, சுமை தூக்கியபடியே காதில் கேட்டுப் படித்து, கேரள பிஎஸ்சி எழுத்துத் தேர்வில் தேறியவர் அவர். அந்த உழைப்பை வணங்குகிறேன். ஆனால் கோளாறு நீக்கும் தேர்வைக் காதால் கேட்டு மட்டும் தேற முடியாது. அதற்குக் கை பழக வேண்டும்.

ஓர் உதாரணம் பாருங்கள். இரண்டு ரவுட்டர்களுக்கு நடுவே, பாதைகளைப் பகிர்ந்துகொள்ளும் ஓஎஸ்பிஎஃப் நெறிமுறை ஓடுகிறது. ஒரு பக்கம் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, 1500 பைட், மறுபக்கம் யாரோ 1400 என்று மாற்றிவிட்டார்கள். பிங் போகிறது, ஏனென்றால் சிஸ்கோ ரவுட்டர் வழக்கமாக அனுப்பும் பிங் 100 பைட்தான். ஹலோ செய்திகளும் போய்ச் சேர்கின்றன. ஆனாலும் உறவு முழுமையடையாமல் எக்ஸ்ஸ்டார்ட் நிலையிலேயே நிற்கும். தரவுத்தளத்தைப் பரிமாறத் தொடங்கும்போது ஒவ்வொரு ரவுட்டரும் தன் எம்டியு அளவைச் சொல்கிறது. சிறிய அளவு வைத்திருப்பது, தன்னைவிடப் பெரிய எண்ணைச் சொல்லும் செய்தியை ஏற்காமல் தள்ளிவிடுகிறது. மனப்பாடம் செய்தவர் பிங் பதிலைப் பார்த்துப் பாதை சரி என்று எழுதி ஏமாறுவார். ஒரு முறை தானே 1400 என்று தட்டிப் பார்த்தவருக்கு எக்ஸ்ஸ்டார்ட் என்ற ஒரு சொல்லைத் திரையில் கண்டதுமே காரணம் பிடிபட்டுவிடும்.

இதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம். கணினியிலேயே நெட்வொர்க் கட்டிப் பழக உதவும் பாக்கெட் டிரேசர் மென்பொருள் இலவசம். ஜிஎன்எஸ்3யும் இலவசம்தான். பழைய லேப்டாப் ஒன்று இருந்தால் போதும்.

தேர்வு மையத்திலிருந்து திருடி விற்கப்படும் 'டம்ப்' வினாத்தாள்களைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். அவற்றைப் படிப்பது ஏமாற்று வேலை. பிடிபட்டால் சான்றிதழ் பறிபோகும், மறுபடி எழுதவும் தடை வரும். பிடிபடாதவர் நிலை அதைவிட மோசம். ஒருநாள் உண்மையான கோளாறின் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்.

கொச்சியில் அப்படி நிற்பது சின்ன விஷயமில்லை. கேரள அரசின் கேஃபோன் வலையமைப்பின் கட்டுப்பாட்டு மையம் காக்கநாடு இன்ஃபோபார்க்கில்தான் உள்ளது. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள 20 லட்சம் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்ற இலக்கோடு தொடங்கிய திட்டம் அது. லட்சத்தீவுக்குப் போகும் கடலடிக் கேபிளும் கொச்சியிலிருந்தே புறப்படுகிறது. 2024 ஜனவரியில் அது திறக்கப்படும் வரை அந்தத் தீவுகள் செயற்கைக்கோளை மட்டுமே நம்பியிருந்தன. தீவுகள் அனைத்துக்கும் சேர்த்து நொடிக்கு 1.7 ஜிகாபிட் இருந்த இடத்தில் இப்போது 200 ஜிகாபிட். இந்தப் பக்கம் ஒரு ரவுட்டரில் தவறான ஒரு வரி விழுந்தால், அந்தப் பக்கம் கவரத்தியில் தொலைமருத்துவத்துக்காகக் காத்திருக்கும் நோயாளிக்குத் திரை இருண்டு போகும்.

காக்கநாட்டு விடுதி அறைகளில் இரவு விழித்துப் படிக்கும் தம்பி, தங்கைகளே, இன்றிரவு ஒன்று செய்யுங்கள். நன்றாக ஓடும் ஒரு நெட்வொர்க்கை பாக்கெட் டிரேசரில் கட்டி, அறைத் தோழரிடம் கொடுத்து, ஒரே ஒரு வரியை மாற்றச் சொல்லுங்கள். எந்த வரி என்று அவர் சொல்லக் கூடாது. காகிதமும் பேனாவும் எடுத்து, தேடத் தொடங்கிய நேரத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.