ஸ்டென்ட் வைத்தாயிற்று, அப்புறம்?

நெஞ்சுவலியோடு போனவருக்கு ஆஞ்சியோ பார்த்து, ஸ்டென்ட் வைத்து, சில நாட்களில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். "அடைப்பை எடுத்துட்டாங்க" என்று வீட்டில் நிம்மதி. உண்மையில் ஸ்டென்ட் எதையும் எடுப்பதில்லை. கொழுப்புப் படிவை ரத்தக் குழாயின் சுவரோடு அழுத்தி, ரத்தம் போக வழிவிடுகிறது. அதுவும் அந்த ஓரிடத்தில் மட்டும். படிவு உருவாகக் காரணமான புகை, பிரஷர், சுகர், கொலஸ்ட்ரால், தொப்பை எல்லாம் அவரோடேயே வீடு திரும்புகின்றன.

திரும்பியவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று ஐரோப்பிய இதயவியல் கழகம் தேடிப்போய்ப் பார்த்தது. யூரோஆஸ்பயர் என்பது அந்த ஆய்வின் பெயர். இதய ரத்தக் குழாய் நோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்களைக் குறைந்தது 6 மாதம் கழித்து வரவழைத்துப் பேசினார்கள், பரிசோதித்தார்கள். 1995-96, 1999-2000, 2006-07 என்று மூன்று சுற்றுகள். பின்லாந்து, ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி உட்பட 8 நாடுகளின் கணக்கை ஒப்பிட முடிந்தது.

கொலஸ்ட்ராலில் நல்ல சேதி. அளவு மீறியிருந்தவர்கள் முதல் சுற்றில் 94.5 சதவீதம், மூன்றாவதில் 46.2. முக்கியக் காரணம் ஸ்டேட்டின் மாத்திரை. ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளிகளை வைத்து நடந்த சோதனை, அது உயிரைக் காக்கிறது என்று 1994இல் காட்டியது. அதன் பிறகு மருத்துவர்கள் தயங்காமல் எழுதித் தந்தார்கள்.

மாத்திரை மட்டும் போதாத இடங்களில்தான் சிக்கல். உடல்பருமன் உள்ளவர்கள் 25 சதவீதத்திலிருந்து 38 ஆனார்கள். சர்க்கரை நோயாளிகள் 17.4இலிருந்து 28. புகைப்பவர்கள் 20.3இலிருந்து 18.2க்குத்தான் இறங்கினார்கள், 50 வயதுக்குட்பட்ட பெண்களில் புகைப்பவர்களின் விகிதம் கூடவே செய்தது. சாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தவர்கள் இவர்கள்! பயம் சில வாரம் நிற்கும்; நிக்கோட்டின் பழக்கம் அதைவிடப் பொறுமையானது. வார்டில் தானாக நின்றுபோன சிகரெட்டை வீட்டிலும் நிறுத்திவைக்க மருந்தும் ஆலோசனையும் வேண்டும். "விட்டுடுங்க" என்ற ஒற்றை வார்த்தை போதாது.

எனக்கு வியப்பளித்தது ரத்த அழுத்தம். பிரஷர் மாத்திரைகள் முன்பைவிட அதிகம் தரப்பட்டன. ஆனாலும் அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள் 58.1 சதவீதத்திலிருந்து 60.9 ஆனார்கள். எடை ஏறினால் அழுத்தமும் ஏறும். மாத்திரை ஒரு பக்கம் இழுக்க, இடுப்புச் சுற்றளவு எதிர்ப்பக்கம் இழுக்கிறது.

இன்னொன்று. ரத்தப் பரிசோதனைத் தாளில் 'நார்மல்' என்று வந்ததும் ஸ்டேட்டினை நிறுத்துபவர்கள் உண்டு. அந்த நார்மல் மாத்திரையால் வந்தது. நிறுத்தினால் சில வாரங்களில் பழைய எண் திரும்பிவிடும். தவிர, எல்டிஎல் எனும் கெட்ட கொழுப்பு 100க்குக் கீழ் இருந்தால் நல்லது என்று தாளில் அச்சிட்டிருப்பது பொதுவான அளவு. மாரடைப்பு வந்தவருக்கு அது 55க்குக் கீழே போக வேண்டும் என்கிறது அதே ஐரோப்பியக் கழகம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல்.