உங்களுக்குத் தெரியுமா? பாலத்தையே கொண்டுபோன மழை
மலேசிய ரயிலுக்கு ஆண்டிறுதிச் சோதனை வடகிழக்குப் பருவமழைதான். தித்திவாங்சா மலைத்தொடர் குறுக்கே நிற்பதால் மழையின் பெரும் அடியைக் கிழக்கே உள்ள கிளந்தான் பக்கமே வாங்கிக்கொள்கிறது. 2014 டிசம்பர் வெள்ளம் அங்குள்ள கெமுபுவில் நெங்கிரி ஆற்று ரயில் பாலத்தையே அடித்துச் சென்றது; கிளந்தானின் தும்பாட் வரையிலான முழுச் சேவை திரும்ப ஆண்டுக்கணக்கில் ஆனது. சாலை வசதி குறைந்த உட்புறக் கிராமங்களுக்கு அந்த ரயில்தான் பள்ளிக்கும் சந்தைக்கும் வழி. அந்தக் கிராம மக்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

பேராக்கும் கிளந்தானும் அண்டை மாநிலங்கள். ஆனாலும் இடையிலுள்ள மலையைக் கடக்கத் தண்டவாளம் இல்லை. பேராக்கின் பாகான் செராயில் ரயிலேறித் தும்பாட் போக வேண்டுமென்றால், தெற்கே நெகிரி செம்பிலானின் கெமாஸ் வரை இறங்கி, அங்கிருந்து 526 கிலோமீட்டர் மறுபடி வடக்கே ஏற வேண்டும்.